வாழி பாடாத கதைப்பாடல்: சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’

குமரி மாவட்டத்தில் கோவில் கொடைக்கு வில்லடிக்க வரும் புலவர் எடுத்த எடுப்பில் கதைக்குள் போய்விடமாட்டார். காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவை வணங்கி, நான் கற்றது கொஞ்சம், பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று அவையடக்கம் சொல்லி, நாட்டுவளமும் பாடி முடித்த பின்னரே, காலத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரின் கதை தொடங்கும். அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2015 மார்ச் மாத இறுதியில் வெளியிட்ட ‘கேரி அண்ட் லோவெல்’ என்ற ஆல்பத்தை முதன்முறை கேட்டபோது, முதல் பாட்டின் தொடக்க வரிகளிலேயே எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என அவர் சொல்வதைக் கேட்டு, இது அவையடக்கம் அல்லவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் புலவருக்குக் கதை மனப்பாடம். அவருடைய அடக்கம் ஒரு மரபு. இவருக்கோ உண்மையிலேயே தெரியவில்லை. தாயைப் பற்றிப் பாட வந்தவரிடம் தாயைப் பற்றிய நினைவுகள் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கின்றன.

ஆல்பத்தின் பெயரில் உள்ள கேரி, பாடகரைப் பெற்றவர். லோவெல், அவரது மாற்றாந்தந்தை லோவெல் பிராம்ஸ். சுஃப்யான் 1975இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போதே தாய் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மனநோயும் மனச்சோர்வும் குடியும் அந்தத் தாயை வாழ்நாள் முழுவதும் அலைக்கழித்தன. அவர் லோவெல்லை மணந்து வாழ்ந்த ஐந்தாண்டுக் காலத்தில், ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே, மூன்று கோடை விடுமுறைகளை ஓரிகன் மாநிலத்து யூஜின் நகரில் அவர்களோடு கழித்தார் சுஃப்யான். தாயோடு இருந்த நாட்கள் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அவ்வளவுதான். 2012 டிசம்பரில் கேரி இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். பதினொரு பாடல்களும் அந்த இறப்பிலிருந்து வந்தவை. மாற்றாந்தந்தையோடு உறவு அறுந்துபோகவில்லை என்பது கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இந்த ஆல்பத்தை வெளியிட்ட ‘அஸ்த்மாட்டிக் கிட்டி’ என்ற சிறு நிறுவனமே சுஃப்யானும் லோவெல்லும் சேர்ந்து தொடங்கியதுதான்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தைப் பற்றி ‘மென்மையானது’ என்று ஒரே சொல்லில் கடந்து போகிறவர்கள் அதன் வேலைப்பாட்டைத் தவறவிடுகிறார்கள். 2005இல் வந்த ‘இலினாய்’ ஆல்பத்தில் ஊதுகருவிகளும் வயலின்களும் குழுப்பாடகர்களும் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். 2010இல் வந்த ‘தி ஏஜ் ஆஃப் அட்ஸ்’ மின்னணு ஒலிகளின் பெருமழையாக இருந்தது. அந்த இரண்டையும் செய்த அதே மனிதர் இங்கே ஒரு கிதார், சில இடங்களில் பாஞ்சோ, பியானோ, பின்னணியில் சிந்தசைசர் என்று கருவிகளைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். மேளம் என்று சொல்லத்தக்க எதுவும் ஏறக்குறைய இல்லை. அப்படியானால் காலக்கணக்கை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பாடகரின் கட்டைவிரல் என்பதே விடை. இந்த விரல்மீட்டு முறையில் கட்டைவிரல் கனத்த கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தட்டிக்கொண்டே போக, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பின்னுகின்றன. வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் கதை எந்தப் பக்கம் திரும்பினாலும் அசையாமல் தன் அடியை வைத்துக்கொண்டிருப்பாரே, அந்த வேலையை இங்கே ஒரு விரல் செய்கிறது.

குரலும் அப்படித்தான். கேட்கும்போது ஒருவர் காதருகே வந்து முணுமுணுப்பதுபோல் இருக்கும். கூர்ந்து கேட்டால் ஒருவரல்லர், இருவர் என்று தெரியும். ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கும் உத்தி இது. எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டு பதிவுகளுக்கும் இடையே மயிரிழை அளவு முன்பின் இருக்கும் என்பதால், குரலின் விளிம்பு நீரில் விழுந்த நிழல்போல லேசாக நடுங்குகிறது. பாடகர் தனக்குத் தானே பின்பாட்டுப் பாடிக்கொள்கிறார் என்றும் சொல்லலாம். தனியாகத் துக்கம் கொண்டாடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலியமைப்பு எனக்குத் தோன்றவில்லை. சில பகுதிகள் ஓரிகனில் கிளமத் ஃபால்ஸ் என்ற ஊரின் விடுதி அறையில், கைப்பேசியிலேயே பதிவு செய்யப்பட்டவை. பாடல்களின் அடியில் அறையின் மூச்சு கேட்பதுபோன்ற உணர்வு எனக்குத் தொடர்ந்து இருந்தது.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இந்த ஆல்பத்தைப் பேருந்தில் கேட்க முடியாது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில் முயன்று பார்த்தேன். தக்கலை வருவதற்குள் நான்கு பாடல்கள் ஓடி முடிந்திருந்தன, என் காதில் விழுந்தது எஞ்சின் மட்டுமே. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும் இரவுகளிலும் பயனில்லை. மழை விட்டு, தெங்கோலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும் பின்னிரவுதான் இதற்கு ஏற்ற நேரம். மலிவான ஹெட்போன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரத்துக் கடை ஒன்றில் நான் வாங்கியது மூன்றாம் வாரத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது; மாற்றித் தரும் பேச்சே இல்லை. ஒற்றைக் காதில் கேட்ட அந்தச் சில நாட்களில், மேலே சொன்ன இரட்டைக் குரலின் நடுக்கம் மங்கி, ஆல்பமே சாதாரணக் கிதார்ப் பாட்டாகத் தோன்றியது.

பாடலெழுத்துக்கு வருவோம். இரண்டாம் பாட்டான ‘ஷுட் ஹாவ் நோன் பெட்டர்’ நான் எவருக்கும் முதலில் கேட்கக் கொடுக்கும் பாட்டு. அதில் மூன்று அல்லது நான்கு வயதிருக்கும்போது தாய் தங்களை ஒரு வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போனதாக ஒரு வரி வருகிறது. மூன்றா, நான்கா என்று பாடகர் தடுமாறுவதைப் பாட்டிலேயே விட்டுவைத்திருக்கிறார். ஒளிநாடா வாடகைக்குக் கொடுக்கும் வீடியோ கேசட் கடை நம் ஊர்ச் சந்திகளிலும் இருந்த காலம் நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கடையின் அடுக்குகளும் பிளாஸ்டிக் வாசனையும் உடனே வந்துவிடும்; அங்கே நிற்கும் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் அடுக்குகள் எவ்வளவு உயரமாக இருந்திருக்கும் என்பதைப் பாடகர் சொல்லவில்லை. அழுததாகவும் சொல்லவில்லை. ஒரு வரி, அவ்வளவுதான். மெட்டு அதற்காக நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வேதனையான செய்தியும் சாதாரணமான செய்தியும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் சொல்லப்படுவதே இந்த ஆல்பத்தின் எழுத்துமுறை. குரல் எங்கும் உயர்வதில்லை என்பதால், எந்த வரி காயம் என்பதைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கத் தூண்டுவது அந்தத் தேடல்தான்.

அதே பாட்டு நடுவழியில் திரும்புகிறது. இருண்ட கிதாரின் மேல் கீபோர்டின் சிறு சிறு ஒலித்துளிகள் விழத் தொடங்குகின்றன. பாட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. இறுதியில் தன் சகோதரனுக்குப் பிறந்த மகளின் அழகைப் பற்றிப் பாடுகிறார். இறந்த தாயைப் பாடிய பாட்டில் ஒரு குழந்தை வந்து நிற்கிறது, விளக்கம் இல்லாமல். முன்பே புரிந்திருக்க வேண்டும், எழுதியாவது அனுப்பியிருக்க வேண்டும் என்று வருந்திய குரல் அந்தக் குழந்தையிடம் வந்து ஓய்கிறது.

‘யூஜின்’ இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. ஒரு கிதார், ஒரு குரல். எலுமிச்சைத் தயிர், தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தது, தரையில் விழுந்த சாம்பல் கிண்ணம், நீச்சல் கற்றுக்கொடுத்த மனிதர் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் ஒரு கார் நிறுவனத்தின் பெயரால் ‘சுபாரு’ என்று கூப்பிட்டது, அவர் ஒரு தந்தையைப்போல் தலையில் நீரை வார்த்தது என்று கோடைக்கால நினைவுகள் உதிரி உதிரியாக வருகின்றன. தலையில் நீர் வார்ப்பதில் ஞானஸ்நானம் ஒளிந்திருக்கிறது; நீச்சல் வாத்தியார் அந்தக் கணத்தில் தந்தையாகவும் போதகராகவும் ஆகிவிடுகிறார். தாயும் தந்தையும் இருக்க வேண்டிய இடங்களை வழிப்போக்கர்கள் நிரப்பிய ஒரு பிள்ளைப் பருவத்தை இதைவிடக் குறைந்த சொற்களில் சொல்லிவிட முடியாது. பாட்டின் முடிவில் இந்தப் பாடல்களைப் பாடி என்ன பயன், அவை கேரியின் காதுக்கு எட்டப்போவதில்லையே என்ற கேள்வியை எழுப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்.

ஆல்பத்தின் உயிர்நிலை ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’. அமெரிக்கச் சுதந்திர தினத்தின் பெயர் வைத்த பாட்டில் வாணவேடிக்கை ஒரு உவமைக்குப் பயன்படுகிறதே தவிர, கொண்டாட்டம் ஏதும் இல்லை. கிதாரும் விலகிக்கொள்ள, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மழுங்கிய கீபோர்டு ஒலி மட்டும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் உடலை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மகன் பேசுகிறான், பிறகு, செத்துப்போன தாய் பேசுகிறாள்.

இங்கே நம் ஒப்பாரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒப்பாரியில் பெண்கள் இறந்தவரை முன்னிலையில் அழைத்து, பொன்னென்றும் மணியென்றும் விளித்து, ஏன் போனாய் என்று கேட்பார்கள். விளிகளின் அடுக்கு இந்தப் பாட்டிலும் இருக்கிறது: மின்மினி, தும்பி, சின்னப் பருந்து, புறா என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செல்லப்பெயர். ஆனால் ஒப்பாரியில் பிணம் பதில் சொல்வதில்லை. இங்கே தாய் பதில் சொல்கிறாள். விட்டுப் போனதற்காக வருந்துகிறேன், அது நல்லதற்கே என்றாலும் ஒருபோதும் சரியென்று தோன்றவில்லை என்ற பொருள்படச் சொல்கிறாள். உனக்குப் போதுமான அன்பு கிடைத்ததா என்று கேட்கிறாள். கொடையில் சாமியாடும் கோமரத்தாடியின் வாய்வழியாக மாண்டவர் பேசுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இடம் அயலாக இருக்காது. மகன் கேட்க விரும்பிய சொற்களைத்தான் தாய் பேசுகிறாள் என்பதும், அந்தத் தாயின் குரலும் மகனின் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்பதும் தெரிந்தே கேட்கிறோம். நாம் எல்லோரும் செத்துப்போவோம் என்ற ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் பாடி முடிக்கிறார். காட்டில் சுமை தூக்குகிறவன் மூச்சுக்கணக்குச் சொல்வதுபோல் உணர்ச்சி ஏதும் ஏற்றாமல் அந்த வரியைச் சொல்கிறார். ஒருமுறை சொன்னால் மிரட்டலாகப் படக்கூடிய வரி, இத்தனை முறை சொல்லும்போது ஒரு தாலாட்டாக மாறிவிடுகிறது.

ஒப்பாரியோடு இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் பாட்டுகளில் இறந்தவர் குறையற்றவர். செத்த பின் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பது ஊர்வழக்கம். சுஃப்யான் தாயைப் போற்றவில்லை. விட்டுப் போனதை மறைக்கவில்லை, மருந்துகளையும் நோயையும் மறைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்பதை முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். அதன் தலைப்பு ‘டெத் வித் டிக்னிட்டி’. குணமாகாத நோயாளிகள் மருத்துவரின் உதவியோடு உயிர்விட அனுமதிக்கும் ஓரிகன் மாநிலச் சட்டத்தின் பெயரும் அதுவே. மன்னிப்பை முதலில் வைத்துவிட்டு, அதற்கான கணக்கை அடுத்த பத்துப் பாடல்களில் சரிபார்க்கிறார். கணக்கு எளிதில் நேராவதில்லை.

நாட்டுவளத்தைச் சொன்னேன் அல்லவா? 2003இல் ‘மிச்சிகன்’, 2005இல் ‘இலினாய்’ என்று மாநிலத்துக்கு ஓர் ஆல்பம் செய்து, ஐம்பது மாநிலங்களையும் பாடப்போவதாக அறிவித்தவர் இவர். அது விளம்பரத்துக்காகச் சொன்ன விளையாட்டு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஓரிகனைப் பாடுகிறேன் என்று அறிவிக்காமலேயே இந்த ஆல்பத்தில் அந்த மாநிலத்தை முழுமையாகப் பாடியிருக்கிறார். 1933இல் தொடங்கி 1951 வரை விட்டுவிட்டு எரிந்த டில்லமூக் காட்டுத்தீ தாயின் இறப்புக்கு உவமையாகிறது. கடற்சிங்கங்கள் வாழும் கடலோரக் குகைகள், கொலம்பியா ஆற்றங்கரையின் டாலஸ் ஊர், குடியேறிகள் கண்டெடுத்துப் பிறகு எங்கே என்று தெரியாமல் போன தங்கத்தைப் பற்றிய ‘நீலவாளி’க் கதை என்று ஒவ்வொன்றும் வந்து போகிறது. எவரும் அங்கே சுற்றுலா போக ஆசைப்படும்படி அவற்றைப் பாடவில்லை. மூன்று கோடைகள் மட்டுமே வாழ்ந்த ஊரின் பெயர்களைப் பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாயிடம் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இறைநம்பிக்கை இந்தப் பாடல்களின் உள்ளே எலும்புபோல் இருக்கிறது. கீர்த்தனைகளும் ஆராதனைப் பாடல்களும் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிலுவையின் நிழலில் இளைப்பாறுதல் என்பது பழகிய கருத்து. ‘நோ ஷேட் இன் தி ஷேடோ ஆஃப் தி கிராஸ்’ என்ற பாட்டு அதே கருத்தை எடுத்து, அந்த நிழலில் வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை என்கிறது. ஞாயிறு ஆராதனையில் இதைப் பாடமாட்டார்கள்; கெட்ட வார்த்தை ஒன்றும் இருக்கிறது. ஆனால் இதை மறுதலிப்பு என்று எடுத்துக்கொண்டால் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் ஆவோம். போதை, தனிமை, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, அந்த நிழல் எரிக்கிறது என்று தெரிந்தும் விலகாமல் நிற்கிறவனின் முறையீடு அது. விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள புலம்பல்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி புரியும். ‘ஜான் மை பிலவ்ட்’ பாட்டில் இயேசுவின் அன்புச் சீடன் யோவானும் பாடகரின் சொந்தக் காதலும் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துபோகிறார்கள். ஒரு விதத்தில் நான் செத்துவிட்டேன் என்று பாடி முடித்தபின், மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை ஒன்று கேட்கிறது, பாட்டு அங்கே வெட்டுப்படுகிறது. பதிவில் அழிக்காமல் விட்ட அந்த மூச்சு, செத்துவிட்டதாகச் சொன்னவனைப் பொய்யனாக்குகிறது. பதினொரு பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒலி அதுதான், பாட்டே அல்லாத அந்த ஓசை.

குறைகள் இல்லாமல் இல்லை. பல பாடல்கள் சொற்கள் தீர்ந்த பிறகு சிந்தசைசரின் நீண்ட முனகலில் கரைந்து முடிகின்றன. முதல் பாட்டில் இது அழகு. நான்காவது, ஐந்தாவது முறை வரும்போது, பாட்டை எப்படி முடிப்பது என்று தெரியாமல் பனியை இறக்கிவிட்டாரோ என்று ஐயம் எழுகிறது. ‘ஆல் ஆஃப் மீ வாண்ட்ஸ் ஆல் ஆஃப் யூ’, ‘டிரான் டு தி பிளட்’ இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஆல்பம் அங்கே சற்றுத் தொய்கிறது. பெர்சியஸ், மெதூசா, எரெபஸ் என்று கிரேக்கப் புராணப் பெயர்கள் குவியும் இடங்களில், வீடியோ கடையையும் எலுமிச்சைத் தயிரையும் எழுதிய கை எதற்கு இந்த நகைகளைப் போட்டுக்கொள்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. தலைப்புப் பாட்டில் பாஞ்சோ வேகமாக ஓடும் மெட்டு அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதால் தப்பித்தது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ‘தி ஒன்லி திங்’ பாட்டில், இரவில் காரைப் பள்ளத்தாக்கில் செலுத்திவிடாமல் தன்னைத் தடுத்து நிறுத்துவது எது என்று பாடகர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். விடைகள் அவருக்குக் கிடைக்கின்றன, வானத்திலும் இருட்டுக் குகைகளிலும் கண்ட சில அதிசயங்களாக. ஆயினும் அண்மையில் ஒரு இறப்பைச் சந்தித்தவர்கள் நள்ளிரவில் தனியாக முதன்முறை கேட்க வேண்டிய பாட்டு இதுவல்ல. யாராவது பக்கத்தில் இருக்கும் நேரத்தில் கேட்கலாம்.

ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்களுக்கு இந்த ஆல்பம் எட்டுமா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். எட்டும் என்பேன், ஒரு நிபந்தனையோடு. முதல் முறை சொற்களைப் பின்தொடராமல் கேட்க வேண்டும்; 43 நிமிடங்கள்தான். இரண்டாம் முறை பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சொற்கள் எளியவை, வாக்கியங்கள் குறுகியவை. மேலே சொன்ன புராணப் பெயர்களைத் தவிர அகராதி தேவைப்படும் இடங்கள் குறைவு. மங்கிய பழைய புகைப்படத்தில் கேரியும் லோவெல்லும் சேர்ந்திருக்கும் அட்டைப்படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆல்பத்தில் ஓரம் பழுத்துப்போன படங்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

வில்லுப்பாட்டு வாழி பாடித்தான் முடியும். தெய்வம் வாழ்க, ஊர் வாழ்க, கேட்டவர் வாழ்க என்று பாடாமல் புலவர் வில்லை இறக்கமாட்டார். இந்த ஆல்பத்தில் அது இல்லை. இறுதிப் பாட்டான ‘பிளூ பக்கெட் ஆஃப் கோல்ட்’ தொலைந்துபோன தங்கத்தைப் பற்றித் தொடங்கி, என்னை உன் வாழ்க்கையில் வேண்டும் என்று சொல் என யாரிடமோ கெஞ்சுவதில் வந்து நிற்கிறது. பிறகு குரலும் போய், ஆர்கன்போன்ற ஓர் ஒலி அலை அலையாக விரிந்து மெல்லத் தேய்கிறது. நான் குறைகூறிய அதே முனகல்தான் இது, ஆனால் இந்த ஓரிடத்தில் மட்டும் அது வேறு எதனாலும் நிரப்ப முடியாத இடத்தில் இருக்கிறது. கேட்கத் தொடங்குமுன் கைப்பேசிச் செயலியில் அடுத்த பாட்டைத் தானாக ஓடவிடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். என் முதல் கேட்பில் அந்த ஒலி தேய்ந்து மறைந்த மறுநொடியே செயலி வேறு எவருடைய துள்ளல் பாட்டையோ எடுத்துப் போட்டது. கையை நீட்டி அதை நிறுத்துவதற்குள் அந்த அமைதி கெட்டுவிட்டிருந்தது.